கூடைப்பந்துக் கழகத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி: வடசென்னைக் கழகங்களுக்கு ஒரு வழிகாட்டி

பெரம்பூரிலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு விளையாட்டுக் கழகம் வெள்ளி விழாவையோ பொன்விழாவையோ நெருங்கும்போது, மலர் ஒன்று போடலாம் என்ற பேச்சு தானாக எழும். அந்த மலரில் சட்டமன்ற உறுப்பினரின் வாழ்த்துச் செய்தி இருக்கும். நகைக்கடை, இரும்புக்கடை விளம்பரங்கள் இருக்கும். நிற்பவர்கள், அமர்ந்திருப்பவர்கள் என்று பெயர் போட்ட குழுப்படம் இருக்கும். வரலாறு என்று தேடினால், நிறுவனர்களின் தியாகத்தைப் போற்றித் தொடங்கிக் கோப்பைகளின் பட்டியலில் முடியும் ஒன்றரைப் பக்கம்தான் கிடைக்கும். அந்த ஒன்றரைப் பக்கத்துக்குப் பதிலாக, கழகத்தை அறியாத ஒருவரும் நம்பிப் படிக்கக்கூடிய வரலாற்றை எழுதுவது எப்படி என்று இங்கே சொல்ல முயல்கிறேன். மாதிரிக்கு அமெரிக்காவின் பாஸ்டன் செல்டிக்ஸ் என்ற தொழில்முறைக் கழகத்தை எடுத்துக்கொள்கிறேன். 1946இல் தொடங்கி, தொடங்கிய ஊரிலேயே இன்றும் ஆடிவரும் கழகம் அது. நம் கழகங்களின் வரலாற்றை எழுத முனைவோருக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை அதற்கும் வந்திருக்கின்றன. அவற்றுக்குப் போதிய ஆவணங்களும் இருக்கின்றன.

முதல் வேலை, கழகம் பிறந்த தேதியை உறுதி செய்வது. எளிய வேலைபோல் தோன்றினாலும் பெரும்பாலான மலர்கள் சறுக்குவது இங்கேதான், ஏனென்றால் ஒரு கழகத்துக்குப் பல பிறந்தநாள்கள் இருக்க முடியும். பாஸ்டன் கார்டன் அரங்கை நடத்திவந்த வால்டர் பிரவுனும் பிற நகரங்களின் அரங்க உரிமையாளர்களும், பனி ஹாக்கி இல்லாத இரவுகளில் காலியாகக் கிடந்த தங்கள் அரங்குகளை நிரப்ப வழிதேடி, 1946 ஜூன் 6 அன்று கூடி ஒரு புதிய கூடைப்பந்து லீகை அமைத்தார்கள். அதில் ஓர் அணியாகப் பிறந்த செல்டிக்ஸ், அவ்வாண்டு நவம்பர் 2 அன்று பிராவிடன்ஸ் நகரில் தன் முதல் போட்டியை ஆடி 53–59 என்று தோற்றது. சொந்த ஊரில் முதல் போட்டி நவம்பர் 5 அன்று நடந்தது. ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் சக் கானர்ஸ் என்ற வீரர் எறிந்த பந்தில் கூடைப் பலகை உடைந்துபோனதால், மாற்றுப் பலகை வந்து சேரும்வரை கூட்டம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் போட்டியிலும் தோல்விதான். அந்த லீகுக்கு என்பிஏ (தேசியக் கூடைப்பந்துச் சங்கம்) என்ற பெயர் 1949இல், போட்டியாக இருந்த இன்னொரு லீகுடன் இணைந்த பிறகுதான் வந்தது. ஆயினும் என்பிஏ தன் வயதை 1946இலிருந்தே கணக்கிடுகிறது.

நம் கழகங்களிலும் மண் தரையில் இரண்டு கம்பம் நட்டு வளையம் மாட்டிய நாள் ஒன்றாகவும், பெயர் வைத்துப் பலகை எழுதிய நாள் வேறொன்றாகவும், சங்கமாகப் பதிவு செய்த நாள் மற்றொன்றாகவும் இருக்கும். பதிவுச் சான்றிதழைத் தேடி எடுங்கள். அதில் 1860ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டம் குறிப்பிடப்பட்டிருந்தால், 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே கழகம் பதிவாகிவிட்டது என்று தெரிந்துவிடும். எது உண்மையான பிறந்தநாள் என்று மூத்தவர்கள் சண்டை போட இடம் கொடுக்காமல், மூன்று தேதிகளையும் எழுதி, விழாவுக்கு எந்தத் தேதியை எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், ஏன் என்பதை ஒரே வாக்கியத்தில் சேர்த்துவிடுவது நல்லது.

அடுத்து வரும் கேள்வி இதைவிடச் சற்றுக் கடினமானது. பெயரும் மைதானமும் நிர்வாகிகளும் மாறிய பிறகும் அது அதே கழகந்தானா? 1978இல் செல்டிக்ஸின் உரிமையாளர் இர்வ் லெவினும் பஃபலோ பிரேவ்ஸ் அணியின் உரிமையாளர் ஜான் ஒய். பிரவுனும் தங்கள் கழகங்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டார்கள். சில வீரர்களும் கைமாறினார்கள். லெவின் தனக்குக் கிடைத்த அணியைச் சான் டியேகோவுக்குக் கொண்டுபோய்விட்டார். ஆனால் செல்டிக்ஸின் பட்டங்களும் சாதனைகளும் அவரோடு போகவில்லை. பெயரோடும் ஊரோடும் பாஸ்டனிலேயே நின்றன. மாறாக, 1960இல் மினியாபொலிஸிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்த லேக்கர்ஸ், பழைய ஊரில் வென்ற 5 பட்டங்களையும் தன் கணக்கில் சேர்த்தே 17 என்கிறது. 1948இல் வேறொரு லீகில் வென்ற பட்டத்தை மட்டும் என்பிஏ அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. செல்டிக்ஸ் 2024இல் டாலஸ் அணியை வென்று 18ஆவது பட்டத்தை எட்டியபோது, முந்தியது யார் என்ற ரசிகர் சண்டைக்கு அடியில் இருந்தது இந்தக் கணக்கு முறைதான். உங்கள் கழகம் இரண்டாகப் பிரிந்திருந்தாலோ, இன்னொரு மன்றத்தோடு சேர்ந்திருந்தாலோ, எந்தக் கோப்பையை யார் கணக்கில் எழுதுகிறீர்கள் என்ற விதியை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பிரிந்துபோனவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டு எழுதினால், மலர் வெளியீட்டு விழாவில் மேடை அமைதியாக இருக்கும்.

இனி ஆவணங்கள். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே. புதிதாக எழுத வருவோர் மிகக் குறைவாக நேரம் ஒதுக்கும் பகுதியும் இதுவே. கழகத்தின் பீரோவில் தேதியில்லாத ஸ்கோர் ஷீட்டுகள், பின்புறம் எதுவும் எழுதப்படாத படங்கள், பாதி கிழிந்த அழைப்பிதழ்கள் எல்லாம் கிடக்கும். இவற்றுக்குக் காலம் குறிப்பதற்கு ஆட்ட விதிகளே உதவும். பன்னாட்டு விதிப்படி 2000ஆம் ஆண்டுவரை ஆட்டம் 20 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகளாக இருந்தது. அதன் பிறகுதான் 10 நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகளானது. வெளியே நின்று எறிந்து கூடையில் போட்டால் மூன்று புள்ளி தரும் மூன்று புள்ளிக் கோட்டை என்பிஏ 1979இல் கொண்டுவந்தது. பன்னாட்டு விதியில் அது 1984இல் சேர்ந்தது. அப்போது 6.25 மீட்டராக இருந்த அதன் தொலைவு 2010இல் 6.75 மீட்டரானது. கூடைக்கு அடியில் வண்ணம் பூசும் பகுதி, அடி அகன்று மேல் குறுகிய சரிவக வடிவிலிருந்து நீள்சதுரமானதும் அதே 2010இல்தான். பன்னாட்டுப் போட்டிகளில் 2014 வரை பனியன் எண்கள் 4இலிருந்து 15 வரை மட்டுமே அனுமதிக்கப்பட்டன.

இந்தக் குறிப்புகளைப் பயன்படுத்தும்போது ஓர் எச்சரிக்கை தேவை. ஓர் அடையாளம், படம் எந்த ஆண்டுக்குப் பிந்தையது என்பதைத்தான் உறுதியாகச் சொல்லும். எந்த ஆண்டுக்கு முந்தையது என்பதைச் சொல்லாது. நம் ஊர் மைதானத்தில் மூன்று புள்ளி வளைவு தெரிந்தால் படம் 1984க்கு முற்பட்டதாக இருக்க வாய்ப்பில்லை எனலாம். வளைவு தெரியவில்லை என்பதற்காகப் படத்தை 1980க்குத் தள்ளிவிடக் கூடாது. விதி மாறிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் பெயிண்ட் வாங்கப் பணமில்லாமல் பழைய கோட்டிலேயே ஆடிய மைதானங்கள் இருக்கும். கடிதத் தாள்களுக்கும் இதே தர்க்கந்தான். முகவரி சென்னை-21 என்றில்லாமல் 600 021 என்று அச்சாகியிருந்தால், அது அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்த 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தையது. ஆங்கில முகவரியில் சென்னை என்ற பெயரே இருந்தால், நகரின் பெயர் மாறிய 1996ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ அச்சானது என்று கொள்ளலாம்.

புள்ளிக் கணக்கைக் காலத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்பதற்குச் செல்டிக்ஸ் வரலாற்றில் நல்ல சான்று இருக்கிறது. 1953 மார்ச் 21 அன்று சிராக்யூஸ் அணிக்கு எதிராக, நான்கு முறை கூடுதல் நேரத்துக்குச் சென்ற பிளேஆஃப் (பட்டத்துக்கான இறுதிச் சுற்று) போட்டியில் செல்டிக்ஸ் ஆட்டக்காரர் பாப் கூஸி 50 புள்ளிகள் எடுத்தார். கேட்பதற்கு மலைப்பாக இருக்கும் இந்த எண்ணில் 30 புள்ளிகள், எதிரணியின் ஃபவுலுக்கு ஈடாகத் தடையின்றி எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவில் வந்தவை. அன்றைய விதியில், முன்னிலை பெற்ற அணி பந்தை வைத்துக்கொண்டே நேரத்தைக் கடத்தலாம். எதிரணிக்கு ஃபவுல் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. 1950 நவம்பரில் ஒரு என்பிஏ போட்டி 19–18 என்று முடிந்ததும் இந்தக் காரணத்தால்தான். இதற்கு முடிவு கட்ட, சிராக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயசோன், ஒரு நல்ல ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து ஏறத்தாழ 120 முறை கூடைக்கு எறிகின்றன என்று கணக்கிட்டு, 48 நிமிடங்களின் 2,880 விநாடிகளை அதனால் வகுத்து, பந்தைப் பெற்ற அணி 24 விநாடிக்குள் கூடைக்கு எறிய வேண்டும் என்ற வரம்பைக் கண்டார். 1954இல் அது விதியானது. கூஸியின் வேகமான ஆட்டத்துக்கு இந்த விதி ஏற்றதாக அமைந்தது. ஆகவே, உங்கள் பழைய ஸ்கோர் ஷீட்டில் ஒருவர் பெயருக்கு எதிரே பெரிய எண் இருந்தால், அதில் எத்தனை ஃபீல்டு கோல் (ஆட்டத்தின் ஓட்டத்தில் போட்ட கூடை), எத்தனை ஃப்ரீ த்ரோ என்று பிரித்து எழுதுங்கள். மூன்று புள்ளிக் கோடு இல்லாத காலத்து 30 புள்ளிகளை இன்றைய 30 புள்ளிகளோடு ஒரே பட்டியலில் வைப்பது இருவருக்கும் நியாயமாகாது.

கழகத்தின் பீரோவில் இல்லாதவை வெளியே கிடைக்கலாம். எழும்பூரில் 1896 முதல் இயங்கும் கன்னிமாரா நூலகத்திலும், அதே எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், தரமணியின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் எந்தப் பழைய நாளிதழ்கள், இதழ்களைப் பார்க்க முடியும் என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். பொத்தாம் பொதுவாகப் போனால் ஒரு நாள் முழுவதும் தூசிதான் மிஞ்சும். எந்தப் போட்டி, எந்த மாதம் என்று குறித்துக்கொண்டு போனால், விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் பொடி எழுத்தில் வந்த முடிவுகூடக் கண்ணில் படும். மாநகராட்சி மைதானத்தில் ஆடிய கழகமானால், இடம் ஒதுக்கிய ஆணையின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். மனுவில் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும்.

மூத்த ஆட்டக்காரர்களிடம் பேசும்போது எந்த ஆண்டு என்று நேரடியாகக் கேட்டால் தவறான விடைதான் வரும். எம்.ஜி.ஆர். இறந்ததற்கு முன்பா பின்பா, பின்னி மில் மூடியபோது நீங்கள் ஆடிக்கொண்டிருந்தீர்களா, சுனாமி வந்த மாதத்தில் போட்டி நடந்ததா என்று கேட்டால், ஐயா யோசித்துச் சரியாகச் சொல்லிவிடுவார். அதை 1987, 1996, 2004 என்று நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். ஒரே நிகழ்ச்சியை இருவரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரே மேசையில் உட்காரவைத்துக் கேட்டால், குரல் பெரிதாக உள்ளவரின் நினைவே வரலாறாகிவிடும். 1965 ஏப்ரல் 15 அன்று பிலடெல்ஃபியாவுக்கு எதிரான 110–109 போட்டியின் கடைசி விநாடிகளில் செல்டிக்ஸின் ஜான் ஹாவ்லிசெக் பந்தைத் தட்டிப் பறித்த நிகழ்ச்சி இன்றும் பேசப்படுவதற்கு, ஜானி மோஸ்ட் என்ற வானொலி வர்ணனையாளர் அடித்தொண்டையில் கத்தியது பதிவாகியிருப்பதும் ஒரு பெரிய காரணம். நம் பொங்கல் போட்டிகளின் இறுதி ஆட்டத்தைக் கல்யாண வீடியோ எடுப்பவரைக் கூப்பிட்டு யாராவது பதிவு செய்திருக்கலாம். அந்த நாடா யார் வீட்டுப் பரணில் இருக்கிறது என்று விசாரித்து, பூசணம் பிடிக்கும் முன் கணினிக்கு மாற்றிவிடுங்கள்.

எந்தக் கழகத்திலும் கேட்கக் கேட்கச் சுவையாக வளரும் கதை ஒன்று இருக்கும். செல்டிக்ஸுக்கு அது பில் ரஸ்ஸல் என்ற ஆட்டக்காரர் வந்த கதை. புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் என்பிஏ தேர்வில், 1956இல் முதல் வாய்ப்பு ராச்செஸ்டர் அணிக்கு இருந்தும் அவர்கள் ரஸ்ஸலைத் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டாவது வாய்ப்பில் செயின்ட் லூயிஸ் தேர்ந்தெடுத்தது. எட் மக்காலி, கிளிஃப் ஹேகன் இருவரையும் கொடுத்துப் பாஸ்டன் அவரை வாங்கியது. இவ்வளவும் பதிவில் இருப்பவை. ராச்செஸ்டர் உரிமையாளருக்கு வால்டர் பிரவுன் பனிச்சறுக்கு நடனக் காட்சிகளை அனுப்புவதாக வாக்களித்துத்தான் ரஸ்ஸலை விட்டுக்கொடுக்க வைத்தார் என்பது பலர் சொல்லும் கதை; அது நடந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இத்தகைய கதையை விட்டுவிடவும் வேண்டாம், உறுதியான செய்தியைப் போல எழுதவும் வேண்டாம். யார் சொன்னது, யார் மறுக்கிறார் என்று சேர்த்து எழுதினால் சுவையும் குறையாது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதை மலர்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. ஆனால் ஒரு கழகம் எப்படிப் பிழைத்தது என்பதற்கு விடை அங்கேதான் கிடைக்கும். தொடக்க ஆண்டுகளில் செல்டிக்ஸ் நட்டத்தில் ஓட, அதைத் தன் கைப்பணத்தால் தாங்கியவர் வால்டர் பிரவுன். ஒருவரைப் பெருமைப்படுத்த இனி யாருக்கும் தருவதில்லை என்று ஒதுக்கி, அரங்கின் உச்சியில் தொங்கவிட்டிருக்கும் ஓய்வளிக்கப்பட்ட எண்களில் 1 அவருக்கும், 2 பயிற்சியாளர் ரெட் அவர்பேக்குக்கும் உரியவை என்பதால், அந்த எண்களை அணிந்த ஆட்டக்காரர்கள் யார் என்று தேடுபவர் ஏமாந்துபோவார். நம் பக்கம் கதை வேறு. இங்கே ஆட்டக்காரரை ஆடவைத்தது கழகத்தின் சம்பளம் அன்று. ரயில்வேயிலோ, 1955 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையிலோ, வங்கியிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலைதான். எனவே உங்கள் கழகத்திலிருந்து முதன்முதலில் அப்படி வேலைக்குப் போனவர் யார், எந்த ஆண்டு, அதன் பிறகு பயிற்சிக்கு வந்த பையன்களின் எண்ணிக்கை கூடியதா என்பதைக் கேட்டு எழுதுங்கள். மைதானத்துக்கு சிமெண்ட் போட்டவர், மின்விளக்குக்குக் கட்டணம் கட்டியவர், பந்து வாங்கக் கடன் கொடுத்த கடைக்காரர் ஆகியோருக்கும் வரலாற்றில் இடம் உண்டு.

கசப்பானவற்றை எழுதுவதா என்ற தயக்கம் கட்டாயம் வரும். எழுதத்தான் வேண்டும். 1950இல் சக் கூப்பரைத் தேர்ந்தெடுத்து, என்பிஏ தேர்வில் முதல் கறுப்பின ஆட்டக்காரரை எடுத்த அணி என்ற பெயரைச் செல்டிக்ஸ் பெற்றது. 1964 டிசம்பரில் ஐந்து கறுப்பின ஆட்டக்காரர்களைக் கொண்டே ஆட்டத்தைத் தொடங்கியது. 1966இல் ரஸ்ஸலைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. இவற்றை மட்டும் எழுதினால் வரலாறு பாதிதான். அதே ரஸ்ஸலின் வீடு பாஸ்டனை அடுத்த ரெடிங் என்ற ஊரில் உடைக்கப்பட்டு அசிங்கப்படுத்தப்பட்டது. 1961இல் கென்டக்கியின் லெக்சிங்டனில் விடுதி உணவகம் கறுப்பின ஆட்டக்காரர்களுக்குப் பரிமாற மறுத்ததால், அவர்கள் காட்சி ஆட்டத்தைப் புறக்கணித்துத் திரும்பினார்கள். 13 ஆண்டுகளில் 11 பட்டங்களை வென்ற காலத்திலேயே இவை நடந்தன. உங்கள் கழகத்தில் எந்தத் தெருப் பிள்ளைகள் உள்ளே வர முடியாமல் நின்றார்கள், பெண்களுக்குப் பயிற்சி நேரம் எப்போது கிடைத்தது, அதற்கு யார் தடை சொன்னார்கள் என்ற கேள்விகளைப் பெயர் சொல்லிப் பழிக்காமல், ஆனால் மறைக்காமல் எழுதலாம்.

தோல்வி கண்ட ஆண்டுகளையும் அப்படியே எழுதுங்கள். 1986இல் சொந்த ஊர்ப் போட்டிகளில் 40 வென்று 1 மட்டுமே தோற்றுப் பட்டம் பெற்ற செல்டிக்ஸ், அந்த ஜூன் 17 அன்று லென் பையஸ் என்ற இளம் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்தது. ஜூன் 19 அன்று அவர் போதைப்பொருளால் இறந்தார். 1993 ஜூலையில் அணியின் ஆட்டக்காரர் ரெஜி லூயிஸ் பயிற்சியின்போது சரிந்து விழுந்து மறைந்தார். 1996–97இல் 82 போட்டிகளில் 15ஐ மட்டுமே வென்றது. 2006–07இல் 24 வெற்றிகள். கெவின் கார்னெட், ரே ஆலன் இருவரும் வந்து பால் பியர்ஸுடன் சேர்ந்த அடுத்த பருவத்தில் 66 வெற்றிகளும் 17ஆவது பட்டமும். இடைப்பட்ட 22 ஆண்டுகளை ஒரே வரியில் தாண்டிவிட்டால், 2008இன் பட்டம் வானத்திலிருந்து விழுந்ததுபோல் ஆகிவிடும். உங்கள் கழகம் ஆளில்லாமல் கிடந்த ஆண்டுகளிலும் யாராவது ஒருவர் வந்து வளையத்துக்கு வலை மாட்டியிருப்பார். மெட்ரோ வேலையாலோ மழைநீர் தேங்கியதாலோ மைதானம் மூடிக்கிடந்திருந்தால், அதையும் தேதியோடு எழுதுங்கள்.

எழுதும் முறையைப் பொறுத்தவரை, ஆண்டு வாரியாக எழுதுவதைவிடத் திருப்பங்களை மையமாக வைத்து எழுதுவது படிக்க நன்றாக இருக்கும். செல்டிக்ஸுக்கு 1946, 1950, 1956, லாரி பேர்ட் என்ற ஆட்டக்காரர் வந்த 1979, 1986, 2007 போதும். மற்ற ஆண்டுகளெல்லாம் இவற்றைச் சுற்றி அமைந்துவிடும். கோப்பைப் பட்டியல் பின்னிணைப்பில் இருக்கட்டும். கழகத்துக்கு உறுதியாகத் தெரியாத ஆண்டை ஊகித்து நிரப்பாமல் வெற்றிடமாக விட்டுவிடுங்கள். அடுத்த மலர் போடுபவர் நிரப்பிக்கொள்வார்.

அச்சுக்குப் போவதற்கு முன், ஆட்டக்காரர் பெயர்ப் பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து, மாலைப் பயிற்சி நடக்கும் மைதானத்தின் சுவரில் ஒரு வாரம் ஒட்டிவையுங்கள். பக்கத்தில் ஒரு பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். தலைப்பெழுத்துப் பிழைகளும் விடுபட்ட பெயர்களும் அங்கேயே திருத்தப்பட்டுவிடும். அச்சானதும் ஒரு பிரதியைக் கன்னிமாராவுக்கும் ஒன்றை ரோஜா முத்தையா நூலகத்துக்கும் கொடுங்கள். ஸ்கேன் செய்த படங்களையும் ஸ்கோர் ஷீட்டுகளையும் இரண்டு நிர்வாகிகளின் வீட்டில் தனித்தனி வன்தட்டுகளில் வைத்து, எந்தப் படம் யாரிடமிருந்து வந்தது என்ற பட்டியலையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.